சாணி தடவிய வடம்

கிணற்று வீட்டுக்காரர் கல்யாணம், காதுகுத்து எதற்கும் நான் ஏன் போவதில்லை என்று நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா ஏதோ சொல்லிச் சமாளிப்பாள். நான் படித்தது எட்டாவது வரைதான். வாயால் சொன்னால் கோபம் முன்னால் வந்து நிற்கும், விஷயம் பின்னால் போய்விடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் பட்டாளத்தில் லான்ஸ் நாயக்காக இருந்த காலம் அது. நம்ம ஊரெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. வடக்கே சில வருஷம் இருந்துவிட்டு வந்தவனை, புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓசூர்ப் பக்கத்து கேம்ப்புக்குப் போட்டிருந்தார்கள். கேழ்வரகு அறுத்த காட்டில் வரிசையாகக் கூடாரம் அடித்திருந்தோம். கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் எல்லை. தை மாதக் காற்று கூடாரத் துணியைப் பிடித்து உதறும். சமவெளியிலிருந்து வந்த பையன்கள் காலையில் பல் கிட்டிக்கொண்டு நிற்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவனை அங்கே ரங்ரூட் என்போம். பயிற்சி கொடுப்பவனை அவன் உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். ரங்ரூட் லாரி வரும் நாளில் பழைய சிப்பாய்களுக்கு வேறு வேடிக்கை தேவையில்லை. ஒருவன் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே குதிப்பான். ஒருவன் புளிசோற்று மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவான். வந்தவுடன் நாவிதர் முன்னால் உட்கார வைத்து மொட்டை போல ஒட்ட வெட்டிவிடுவார்கள். வெட்டி முடித்தவன் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரிப்பான், தன் தலையும் அப்படித்தான் என்று தெரியாமல்.

ஒருநாள் வந்த லாரியிலிருந்து கடைசியாக ஒருவன் இறங்கினான். பெட்டியை அவன் தூக்கவில்லை. இன்னொருவனைத் தூக்கச் சொல்லிவிட்டு, தோளைப் பின்னால் சாய்த்து, வயல் வரப்பைப் பார்வையிட வந்தவன் போல நடந்தான். முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த நடையைக் கொண்டே ஆளைத் தெரிந்துகொண்டேன். கிணற்று வீட்டுப் பெரியவரின் இரண்டாவது மகன். எங்கள் ஊர்க்காரன்.

அவனுக்கும் எங்களுக்கும் என்ன பகை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டினத்துக்கு மேற்கே நம்ம ஊரில், அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கிணறு பொது. அவர்களுக்குச் சில நாள், எங்களுக்குச் சில நாள் என்று முறை வைத்து, தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டுவோம். நீங்கள் கவலை பார்த்ததில்லை. கிணற்றுக்குள் சால் என்கிற பெரிய இரும்பு வாளி இறங்கித் தண்ணீர் மொண்டதும், மாடுகள் சரிவான வாரியில் கீழ்நோக்கி நடக்கும். சாலோடு மாட்டைப் பிணைத்திருக்கும் பெரிய கயிறுதான் வடம். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தன் பாரத்தையும் கொடுப்பார். வடம் அறுந்தால் ஆள் கல்லில் விழுவான், மாடு தலைகுப்புறப் போகும்.

தண்ணீர் வற்றிய ஒரு கோடையில், எங்கள் முறை நாளில், அப்பா உட்கார்ந்திருந்த வடம் அறுந்தது. அப்பாவுக்கு இடுப்பு போயிற்று. வலத்து மாட்டுக்கு முன்னங்கால் முறிந்து, பொழுது சாய்வதற்குள் செத்தது. வடத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். ஊர் கூடியது. மணியக்காரர் வடத்தை வாங்கிப் பார்த்தார். மாடு மிதித்துச் சேறும் சாணியுமாகக் கிடந்த முனையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கிணற்று வீட்டு இரண்டாவது மகன் கூட்டத்தில் நின்று சொன்னான்.

"பழைய கயிறுங்க. அவங்க ஊட்ல எதுதான் புதுசு?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் அசட்டைதான் என்று தீர்ப்பாயிற்று.

நம்ம பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பூட்டின மாடு சொந்தக்காரன் அசட்டையால் செத்தால், அந்தக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவழியே போய் மாரியம்மன் கோயிலைச் சுற்றி வர வேண்டும். அப்பா எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார்கள். அதைப் பெரிய இரக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு உங்கள் தாத்தா அந்த வடத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கம்பு ஊன்றி, அடி அடியாகக் காலை இழுத்துக்கொண்டு சுற்றினார். காலையில் தொடங்கியது, முடிக்கும்போது உச்சிவெயில். மாடு இல்லாதவனுக்கு முறை இல்லை என்று எங்கள் நாட்களையும் கிணற்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் காடு காய்ந்தது.

நான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனேன். அப்பா அசட்டைக்காரர் இல்லை என்று அந்த ஊரையே சொல்ல வைக்க வழி கிடைக்கும்வரை அந்த மண்ணை மிதிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். லீவில் வந்தாலும் காவேரிப்பட்டினத்து அத்தை வீட்டோடு சரி. அப்பாவும் அம்மாவும் அங்கே வந்து என்னைப் பார்ப்பார்கள்.

இப்போது அவன் என் முன்னால் வரிசையில் நிற்கிறான். அண்ணனோடு பாகச் சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. வடக்கே எனக்கு அம்மை வார்த்து முகமெல்லாம் குழி விழுந்திருந்தது. மீசை வேறு. ஒல்லிப்பயலாகப் போனவன் தடித்திருந்தேன். இத்தனையும் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கிணற்று வீட்டார் எங்களை ஒருநாளும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

வாயைத் திறந்து நம்ம ஊர்த் தமிழில் நாலு வார்த்தை பேசினால் பிடித்துவிடுவான். அதனால் பரேடில் இந்துஸ்தானி, மற்ற நேரம் தெலுங்கு என்று வைத்துக்கொண்டேன். ஓசூர்ப் பக்கம் அதை யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். நான் சித்தூர்க்காரன் என்று ரங்ரூட்டுகளே முடிவு செய்துகொண்டார்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

"மூஞ்சியப் பாருடா, பணியாரக் கல்லு."

"அந்த மீசைக்கு மாசம் ஒரு படி எண்ணெ ஆவும்."

"மெதுவாப் பேசுங்கடா, காதுல உழப்போவுது."

"உழுந்தா என்னா? கேட்டுட்டு 'ஏமிரா'ம்பான்."

இப்படிச் சொன்னவன் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் வீட்டுப் பையன். எல்லோரும் அவனைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவான். சுபேதார் மூக்குப்பொடி போடுவதை அவன் செய்து காட்டியபோது நானே கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். மனதில் கள்ளம் இல்லாத பையன்.

பூட்ஸ் கொடுத்த வாரம்தான் ரங்ரூட்டுகளுக்கு அழுகை வாரம். வெறுங்காலில் காடு மேடு நடந்தவர்களுக்குக் கால் காப்புக் காய்த்திருக்கும், எப்படியோ தாங்கிக்கொண்டார்கள். செருப்புக் காலோடு வளர்ந்த கிணற்று வீட்டானுக்குத்தான் குதிகால் கிழிந்து ரத்தம் வந்தது. சமையல் கூடாரத்துக்குப் போகும்போது எல்லோரும் பூட்ஸைக் கழற்றிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார்கள். இவன் கழுத்தில் அந்தக் கயிறு தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். அன்றைக்கு ரொட்டி ருசியாக இருக்கும்.

சட்டத்துக்கு வெளியே நான் ஒன்றும் செய்யவில்லை. மற்றவன் தப்பாகத் திரும்பினால் ஒருமுறை சொல்வேன், இவனுக்கும் ஒருமுறைதான். அடுத்ததற்கு மைதானம் சுற்ற வேண்டும். மற்றவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். இவன் சுற்றிக்கொண்டே இருந்தான். யாரும் தன்னை அதட்டி இவனுக்குப் பழக்கமில்லை. அதட்டினால் காலும் கையும் மாறிப்போகும்.

ஆனாலும் அப்போது என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டுமே. வடம் அறுந்ததற்கு முந்தின நாள் மாலையில் இவன் கிணற்றுப் பக்கம் நின்றதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அதை ஊரில் சொன்னால் திரும்பவும் சிரிப்பார்கள்.

கேம்ப்புக்குத் தண்ணீர் பக்கத்து விவசாயி ஒருவருடைய கிணற்றிலிருந்து வந்தது. அவரும் கவலைதான் ஓட்டினார். ஒருநாள் மத்தியானம் ரங்ரூட்டுகள் வாளியோடு போய்த் தொட்டி நிறையக் காத்திருந்தார்கள். நான் தொட்டிக்கு மறுபக்கம் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மாடு இறங்கும்போது வடம் கிரீச்சென்றது.

"இது அறுந்தா என்னாவுறது?" என்றான் ஒரு பட்டணத்துப் பையன்.

"அறுந்துச்சே, எங்கூர்ல" என்றான் கிணற்று வீட்டான். மைதானம் சுற்றிச் சுற்றி மற்றவர்கள் முன் இறங்கிப் போயிருந்த அவனுக்கு, கதை சொல்லி ஏற ஒரு இடம் கிடைத்துவிட்டது. "தானா அறுந்துச்சுன்னு இன்னி வரைக்கும் ஊரு நெனச்சிட்டு இருக்குது. அறுத்தது யாரு? நாந்தான்."

"ஏன்?"

"கெணத்துல பங்கு கேட்டுக்கினு ஒருத்தன் இருந்தான். தண்ணி ஒருத்தனுக்கே பத்தல. சாலுக்கு மேல முடிச்சு இருக்குது பாரு, அதுக்கு அடியில பாதிப் புரிய அறுத்தேன். அறுத்த எடம் வெள்ளையாத் தெரியும் இல்ல? சாணியத் தடவிட்டேன். அவ்ளோதான். அடுத்த நாளு ஆளு ஒருபக்கம், மாடு ஒருபக்கம்."

பாய் கேட்டான். "அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்னா? பஞ்சாயத்துல அவனையே கயிறு மாட்டிக் கோயில சுத்த உட்டாங்க. நொண்டிக்கினே சுத்துனான். இப்டி." எழுந்து அப்பா நடந்ததை நடந்து காட்டினான்.

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. பாய் அந்த நடையையும் கையையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றைப் பார்த்தால் மறக்க மாட்டான்.

என் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நிமிர்ந்து, "சலோ, வாளி எடு" என்று இந்துஸ்தானியில் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் மனசு எப்படி இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பயிற்சியில் ஒரு பள்ளத்தைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு தாண்ட வேண்டும். கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவன் முறை வந்த அன்று காலையில் கத்தி என் இடுப்பில் இருந்தது. கயிறு கையில் இருந்தது. கேம்ப்பைச் சுற்றிச் சாணிக்கும் பஞ்சமில்லை. அன்றைக்கு நான் புரி புரியாக விரித்துப் பார்த்தேன். ஓர் இடம் தேய்ந்திருந்தது. அந்தக் கயிற்றையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு வாங்கி வந்து கட்டினேன்.

இரக்கத்தால் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ஓசூர்க் காட்டில் விழுந்து கிடந்தால் நம்ம ஊருக்கு என்ன தெரியப்போகிறது? அவனை முழுசாக ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றிலிருந்து, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்த்துக்கொள்வது போல அவனைப் பார்த்துக்கொண்டேன். காலில் புண் என்றால் மருந்து போட அனுப்பினேன். காய்ச்சல் என்றால் கம்பளி கொடுக்கச் சொன்னேன். "உஸ்தாது இப்ப நம்ம மேல பிரியமாயிட்டான்" என்று மற்றவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

பயிற்சி முடிந்து உறுதிமொழி பரேடு நடந்தது. பையன்களுக்கு ஊருக்குப் போக லீவு. மாங்காய்க் காலம் தொடங்கியிருந்தது. "எங்கூருக்கு வாடா பாய், எங்க தோப்பு மாங்கா தின்னா உங்க மண்டிய மறந்துடுவே" என்று அவனே பாயைக் கூப்பிட்டான். நான் கூப்பிட வேண்டிய வேலை மிச்சமாயிற்று. ஹவில்தாரிடம் கேட்டு அதே நாளில் எனக்கும் லீவு வாங்கிக்கொண்டேன்.

மூன்று பேரும் ஒரே பஸ். சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரியில் மாறி, காவேரிப்பட்டினம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். நானும் அந்தப் பக்கம் போவது அவனுக்கு ஆச்சரியம். பாயிடம், "உஸ்தாதுக்கு இங்க யாருடா?" என்று கேட்டான். கண்டக்டர் வந்தார்.

"மிலிட்டரிக்காரருக்கு எங்கீங்க?"

நம்ம ஊர்ப் பெயரைச் சொன்னேன். "கெணத்து ஊட்டுக்குக் கீழண்ட ஊடுங்க எங்களுது. ரொம்ப நாளாச்சு வந்து."

முன் சீட்டில் அவன் கழுத்து மெல்லத் திரும்பியது. அம்மைக் குழிகளுக்கு உள்ளே அவன் என் முகத்தைத் தேடினான். தேடிக் கண்டுபிடித்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உஸ்தாத்... அன்னிக்குக் கெணத்தாண்ட சொன்னது சும்மா வெளையாட்டுக்கு. பசங்க சிரிக்கட்டும்னு."

"சிரிச்சாங்க" என்றேன்.

"ஊர்ல சொல்லிடாதீங்க. உங்க காலப் புடிச்சிக்கிறேன்."

"நான் சொல்ல மாட்டேன். நாங்க சொல்லி யாரு நம்புனாங்க? ஒருக்கா சொல்லிப் பாத்தாச்சு."

அவனுக்கு உயிர் வந்தது. பாயைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. பாய் ஜன்னல் பக்கம் தென்பெண்ணையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர் டீக்கடையில் அன்று நல்ல கூட்டம். காக்கிச் சட்டையில் மூன்று பேர் இறங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். மணியக்காரரும் இருந்தார். கிணற்று வீட்டானைத் தோளில் தட்டி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னை யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் இடம் விட்டார்கள். அம்மாவுக்கு யாரோ போய்ச் சொல்ல, அவள் ஓடிவந்து என் முகத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்பாவும் கம்பு ஊன்றிப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

பாய் டீயைக் குடித்து முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, கிணற்று வீட்டானிடம் சாதாரணமாகக் கேட்டான்.

"மச்சான், நீ வடம் அறுத்த கெணறு எது? காட்டேன், பாத்துட்டு வரலாம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. மணியக்காரர் கேட்டார்.

"எந்த வடம் தம்பி?"

"அதாங்க, முடிச்சுக்கு அடியில பாதிப் புரிய அறுத்துட்டு சாணி தடவினானே."

"பாய், வாய மூடு" என்றான் இவன்.

பாய்க்கு விளங்கவில்லை. "நீதான்டா சொன்னே. கேம்ப்புல எல்லாரும் கேட்டாங்க. இப்டிதான நடந்தாரு அந்த ஆளு?" என்று சொல்லி, பார்த்ததைப் பார்த்தபடியே நடந்து காட்டினான். இழுத்து இழுத்து நடந்தவன் அப்பாவுக்கு எதிரில் போய் நின்றான். கம்பையும் இடுப்பையும் பார்த்தான். அந்தப் பையன் முகம் வெளுத்ததை நான் மறக்கவில்லை. குனிந்து அப்பா காலைத் தொட்டு, "தெரியாதுங்க பெரியவரே" என்றான். அப்பா அவன் தலையில் கை வைத்தார்.

நான் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன்.

மணியக்காரர் கிணற்று வீட்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுத்துச் சொல்லுப்பா, கேக்கறேன்" என்றார். அவன் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை. முடிச்சுக்கு அடியில்தான் அறுந்தது என்பது அந்த ஊருக்குத் தெரியும், கிருஷ்ணகிரிப் பையனுக்குத் தெரிய வழியே இல்லை.

"அசட்டைக்காரன்னு உன்னையச் சொன்னது தப்பு" என்று மணியக்காரர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அந்த வடம் இன்னும் இருக்குதாம்மா?"

இருந்தது. அம்மா அதை எறியவில்லை. அடுப்படிப் பரணில் போட்டு வைத்திருந்தாள். போய் எடுத்துவந்து அவன் காலடியில் போட்டாள். கையில் கொடுக்கவில்லை.

அவன் குனிந்து வடத்தை எடுத்தபோதுதான் நான் பேசினேன். உஸ்தாதாக அவனுக்கு நான் கொடுத்த கடைசி உத்தரவு அது.

"சட்டையக் கழட்டி மடிச்சு வச்சிட்டுப் போ. அது உன்னுது மட்டும் இல்ல, என்னுதும்."

கழற்றினான். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே மடித்தான். வடத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவழியே போனான். சனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவன் அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கோயிலைச் சுற்றித் திரும்பி வந்து வடத்தைக் கழற்றி வைத்தான். தலை நிமிரவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். அவருக்கு மனசு நிறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இடுப்பு நல்லா இருக்குது அவனுக்கு" என்றார். "அதான் சுருக்கா சுத்திட்டான்."

கிணற்று முறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மணியக்காரர் சொல்லி, அவன் அண்ணனும் தலையாட்டினான். அவன் லீவு முடியும் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டான். பிறகு அவனை வேறு இடத்துக்குப் போட்டார்கள்.

அம்மா வடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்களும் பாயும் பின்னால் போனோம். வீட்டில் அரிவாளால் அதைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் வைத்தாள். தேங்காய்நார், பற்றிக்கொண்டு எரிந்தது. மேலே கேழ்வரகுக் களி வெந்தது. கொஞ்சம் புகை நாற்றம் அடித்தது. அப்பா இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.